வலிப்புக்கு முந்தைய இரண்டு நாள்

தீபாவளி. விடியற்காலை நாலு மணி. தவலையில் வெந்நீர் ஆவி பறக்கிறது. முந்தின இரவு முறுக்கு சுட்டு, மருதாணி வைத்து, டிவி பார்த்து எல்லோரும் படுக்கும்போதே மணி ஒன்று. பத்து வயதுப் பையனை அரைத் தூக்கத்தில் எழுப்பி மணையில் உட்காரவைத்திருக்கிறார்கள். உச்சியில் எண்ணெய், மேலே சீயக்காய். பாட்டி சொம்பு சொம்பாகத் தலையில் வெந்நீரை ஊற்றுகிறாள். மூன்றாவது சொம்போ நான்காவதோ, பையனின் பார்வை ஓரிடத்தில் நிலைகுத்துகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. வாய் எதையோ மெல்லுகிறது. சம்பந்தமில்லாமல் இரண்டு வார்த்தை பேசுகிறான். அப்படியே பக்கவாட்டில் சாய்கிறான். "ஐயோ, புள்ளைய என்னமோ அடிச்சிருச்சே!" என்று பாட்டி அலற, பக்கத்து வீட்டுக்காரர் சாவிக்கொத்தோடு ஓடி வருகிறார்.

அன்று மாலை வேப்பிலை அடிக்க ஆள் வருவார். அடுத்த வாரம் தாயத்து. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி தலைக்குளியல், மறுபடி அதே சாய்வு. அப்போதுதான் யாராவது ஒருவர், பெரும்பாலும் அம்மா, "தலைக்குத் தண்ணி ஊத்துறப்பதானே வருது?" என்று கேட்பார். நோயைப் பாதி கண்டுபிடித்துவிடும் கேள்வி அது.

மேலே உள்ளது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை கிடையாது. தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடமாகிப்போன வரலாறு. வெந்நீர் வலிப்பு என்று இதற்குப் பெயர். 1945-இல் நியூசிலாந்தில் முதன்முதலாகப் பதிவானது. ஆனால் உலகில் மிக அதிகமாகக் காணப்படுவது நம் பக்கத்தில், குறிப்பாகக் கர்நாடகத்தின் தென்பகுதியில். பெங்களூருவின் கே.எஸ். மணியும், பின்னர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் பி. சதீஷ்சந்திராவும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சூடான தண்ணீர், அதைத் தலையில் ஊற்றுவது, சொம்பு சொம்பாகச் சரசரவென்று ஊற்றும் வேகம் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் பெரும்பாலும் வருகிறது. தீர்வும் எளிது. தண்ணீரை வெதுவெதுப்பாக்குங்கள், தலையில் மொத்தமாகக் கொட்டாதீர்கள். அதுவே பலருக்குப் போதும். மற்றவர்களுக்குத் தலைக்குளியலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட மருத்துவர் ஒரு மாத்திரை தருவார். சிலருக்குக் காலப்போக்கில் குளிக்காத நேரத்திலும் வலிப்பு வரத் தொடங்கலாம் என்பதால் கண்காணிப்பு மட்டும் தொடர வேண்டும்.

தூண்டுதலைச் சரியாகக் கண்டுபிடித்தால் ஒரு வாழ்க்கை எவ்வளவு லேசாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. எல்லா வலிப்பும் இவ்வளவு சாதுவாகத் தன் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடாது என்பதுதான் சிக்கல்.

பெட்டிச் செய்தி: எண்களில்

உலகில் வலிப்பு நோயோடு வாழ்பவர்கள் சுமார் 5 கோடிப் பேர். அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேல்.

சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். இது வலிப்பு நோய் ஆகாது. பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் செல்கள் திடீரென்று ஒரே நேரத்தில் கட்டுமீறித் துடித்தால் அது வலிப்பு. அது எங்கே தொடங்குகிறதோ அதைப் பொறுத்து வடிவம் மாறும். கைகால் வெட்டி இழுப்பதுதான் வலிப்பு என்று நினைத்திருக்கிறோம். வகுப்பில் பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கும் குழந்தைக்கும் வலிப்பாக இருக்கலாம். "கவனமே இல்லை" என்று அதற்கு அடி விழுந்துகொண்டிருக்கும்.

காரணமும் தூண்டுதலும் வெவ்வேறு. காரணம் என்பது மூளைக்குள் இருப்பது. பிறக்கும்போது மூச்சுத்திணறியதால் ஏற்பட்ட காயம், பைக் விபத்து, பக்கவாதம், மரபணு என்று பல. இந்தியாவில் இன்னொன்றும் முக்கியம்: பன்றி நாடாப்புழுவின் முட்டை. கழுவாத கீரையிலும் கையிலும் ஏறி வயிற்றுக்குள் போய், மூளையில் சிறு கட்டியாகத் தங்கிவிடும். ஸ்கேனில் தெரியும் இந்தக் கட்டிகளைக் காசநோய்க் கட்டி என்று நினைத்துச் சிகிச்சை கொடுத்த காலம் உண்டு. பெரும்பாலானவை புழுக்கட்டிகளே என்று எடுத்துக்காட்டியதில் வேலூர் சி.எம்.சி.யின் மேத்யூ சாண்டி, வி. ராஜசேகர் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. "நாங்க சுத்த சைவம்" என்பது இந்த விஷயத்தில் எந்தப் பாதுகாப்பும் தராது.

தூண்டுதல் என்பது ஏற்கெனவே அப்படி இருக்கும் மூளையை அன்றைக்குத் தட்டிவிடுவது. காரணத்தை நாம் மாற்ற முடியாமல் போகலாம். தூண்டுதலோடு பேரம் பேசலாம்.

கடைசி நிமிடத்தைக் குற்றம் சாட்டும் வழக்கம்

வலிப்பு வந்ததும் வீட்டில் ஒரு விசாரணை நடக்கும். "அதுக்கு முன்னாடி என்ன பண்ணுனான்?" எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டான். அப்பா திட்டினார். அன்றைக்கு அமாவாசை. இதில் ஒன்று குற்றவாளியாகி, வாழ்நாள் முழுக்க விலக்கி வைக்கப்படும். எலுமிச்சை பாவம்.

மருத்துவர்கள் கேட்பது வேறு: முந்தைய இரண்டு நாளில் என்ன நடந்தது? எத்தனை மணிக்குப் படுத்தான், மாத்திரை எத்தனை வேளை விட்டுப்போயிற்று, காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, பெண்ணானால் மாதவிலக்கு எந்த நாளில் இருந்தது? ரத்தத்தில் மருந்தின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். வெள்ளிக்கிழமை விட்ட மாத்திரைக்கு ஞாயிற்றுக்கிழமை வலிப்பு வரலாம். மதுவும் அப்படியே. தொடர்ந்து குடித்தவர் நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வருவது அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பழகிய காட்சி. குடித்த இரவில் ஒன்றும் ஆகாததால், "குடிக்கிறப்ப நல்லாத்தான் இருந்தாரு, நிறுத்தினதுலதான் வந்துச்சு" என்று வீட்டில் தப்பான பாடம் கற்றுக்கொள்வார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சிலருக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும். இல்லாத வாசனை அடிக்கும். இந்த இடத்துக்கு முன்பே வந்திருக்கிறோமே என்று தோன்றும். காரணமில்லாத பயம் வரும். "பயந்தான், அதனால வந்துச்சு" என்பார்கள். உண்மையில் அந்தப் பயமே வலிப்பின் முதல் விநாடிகள். தூண்டுதல் என்று அதைக் கணக்கில் சேர்த்தால் கணக்கே தப்பாகும். ஆனால் அது ஒரு வரப்பிரசாதமும்கூட. அடுப்பை விட்டு விலகி, மாடிப்படியை விட்டு இறங்கி, தரையில் உட்கார அந்தச் சில விநாடிகள் போதும்.

இதற்கெல்லாம் மருத்துவர்கள் சொல்லும் கருவி பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு. வலிப்பு வந்த நாளும் நேரமும், முந்தைய இரண்டு இரவுத் தூக்கம், மாத்திரை, காய்ச்சல், மாதவிலக்கு, எவ்வளவு நேரம் நீடித்தது. வாய்ப்பிருந்தால் மொபைலில் வீடியோ. மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை எடுக்கும் நாளில் மூளை சமர்த்தாக நடந்துகொள்ளும். முதல் பரிசோதனையில் பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். வீட்டில் எடுத்த ஒரு நிமிட வீடியோ அந்த இடத்தில் பேசும். வலிப்பு மாதிரியே தோன்றும் சாதாரண மயக்கத்தையும், மன அழுத்தத்தால் வரும் இழுப்பையும் பிரித்தறியவும் அதுதான் உதவுகிறது. இந்த இரண்டுக்கும் வலிப்பு மாத்திரை வேலை செய்யாது.

நோட்டுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. ஆறு மாதம் எழுதினால் அமாவாசை தானாக விடுதலையாகிவிடும். அமாவாசையில் வந்த ஒன்று நினைவில் நிற்கிறது, மற்ற நாளில் வந்த ஏழு நிற்பதில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர்த் தூண்டுதல்கள்

முதலிடம் சந்தேகமில்லாமல் விட்டுப்போன மாத்திரைக்கு. அடுத்தது தூக்கம். இ.இ.ஜி. எடுக்க வருபவரிடம் "முந்தின ராத்திரி தூங்காம வாங்க" என்று சொல்லி அனுப்புவதே, தூக்கம் கெட்ட மூளை தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பதால்தான். அப்படியிருக்க நம் வாழ்க்கை முறையைப் பாருங்கள். பொதுத்தேர்வுக்கு முந்தைய இரவு, நைட் ஷிஃப்ட், சென்னையிலிருந்து ஊருக்கு இரவுப் பேருந்து, விடிய விடியக் கோயில் கொடை. பதின்வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்பில், காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி டூத் பிரஷ்ஷோ காபி டம்ளரோ கீழே விழும். "கவனமில்லாத பொண்ணு" என்று திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். கல்லூரி விடுதியில் கண்விழித்துப் படித்த மறுநாள் காலையில் பெரிய வலிப்பு வரும்போதுதான் டம்ளர் கதை வெளியே வரும்.

கற்பூரம் பற்றிப் பலருக்குத் தெரியாது. சளிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக் கைக்குழந்தைக்குத் தேய்ப்பது இன்னும் இருக்கிறது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு இல்லாத குழந்தைக்குக்கூட வலிப்பை வரவைக்கும். நீலகிரித் தைலத்துக்கும் இந்தக் குணம் உண்டு என்று பெங்களூரு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மருந்துக் கடையில் "உடம்பு வலிக்கு ஏதாவது குடுங்க" என்று வாங்கும்போது டிரமடால் வகை மாத்திரையோ, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கோ வந்தால் அதுவும் சிலருக்கு ஆபத்து. கடைக்காரரிடம் வலிப்பு இருக்கிறது என்று சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

சாப்பிடுவதால் வரும் வலிப்பும் உண்டு. நிறைய சோறு உள்ள சாப்பாட்டின் நடுவில் வரும் இதை இலங்கையின் பேராதனையில் நிமல் சேனநாயக்க விரிவாகப் பதிவு செய்தார். அரிதானது, ஆனால் "சாப்பிட உட்கார்ந்தாலே வருது" என்று ஒருவர் சொன்னால் சிரிக்காமல் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, தேவையில்லாமல் பழி சுமப்பவை டிவியும் மொபைலும். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாகப் பளிச்சிட, நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒளிக்கு வலிப்பு வருபவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் வலிப்பு நோயாளிகளில் அவர்கள் 100-க்கு 3 பேர் அளவில். மற்ற 97 பேரிடமிருந்து மொபைலைப் பிடுங்க வேறு காரணம் வேண்டும். இரவு இரண்டு மணி வரை பார்ப்பது அந்தக் காரணமாக இருக்கலாம்.

பெட்டிச் செய்தி: கண்ணெதிரே வலிப்பு வந்தால்

முதலில் மணி பாருங்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடங்களில் தானாக நின்றுவிடும். கையில் சாவியைக் கொடுத்ததும் நின்றதுபோலத் தெரிவது அதனால்தான்.

கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழே துண்டையோ பையையோ வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எச்சில் வெளியே வடியட்டும்.

வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள், விரலையும் ஸ்பூனையும் சேர்த்து. கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். முழு நினைவு திரும்பும் வரை தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம்.

5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ, கர்ப்பிணியானாலோ, தண்ணீருக்குள் வந்தாலோ, முதல்முறை வலிப்பு என்றாலோ 108-ஐ அழையுங்கள்.

கல்யாணம் என்ற தூண்டுதல்

இனி இந்த நோயின் கனமான பகுதிக்கு வருவோம். ஒரு தமிழ்க் கல்யாணத்தில் மணப்பெண்ணின் கடைசி இரண்டு நாளை அந்த நாற்பது பக்க நோட்டில் எழுதிப் பாருங்கள். பதற்றத்தில் தூங்காத இரவு. மூன்று மணிக்கு எழுந்து தலைக்குளியல், மேக்கப். தாலி கட்டும் வரை வெறும் வயிறு. ஹோமப் புகை, வீடியோ விளக்கு. மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை. இத்தனைக்கும் நடுவில், யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காக, வலிப்பு மாத்திரை மட்டும் சூட்கேஸின் அடியில் சேலைக்குள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. பிறகு மண்டபத்தில் வலிப்பு வந்தால் "நேரம் சரியில்லை" என்கிறோம்.

புகுந்த வீட்டுக்குப் போன பிறகும் இதே கதை தொடரும். "எதுக்கும்மா தினம் மாத்திரை?" என்று மாமியார் கேட்பாரே என்று ஒரு வேளை, கணவர் அறையில் இருக்கிறாரே என்று இன்னொரு வேளை. சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வரும். அது வந்ததால் ரகசியம் உடையும். ரகசியம் இருந்ததால்தான் அது வந்தது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். தூண்டுதல்களின் பட்டியலில் மறைப்பைச் சேர்த்தால் பாதித் தூண்டுதல்கள் அதற்குள்ளேயே அடங்கிவிடும் என்பது என் கட்சி.

சட்டமும் நீண்ட காலம் இதற்குத் துணைபோனது. அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் என்ற வரி இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்தது. 1999-இல் செய்த திருத்தம் அதை நீக்கியது. கால் நூற்றாண்டு தாண்டியும் ஜாதகப் பரிமாற்றத்தில் அந்த வரி நீங்கவில்லை. மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்ற வழக்குகளும் நிற்கவில்லை. சொன்னால் வரன் போகும், சொல்லாவிட்டால் வழக்கு வரும் என்ற இடுக்கில் பெண்ணைப் பெற்றவர்கள் நிற்கிறார்கள். பையன் வீட்டார் இதே ரகசியத்தை "சின்ன வயசுல எப்பவோ வந்துச்சு" என்ற ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

"அந்த மாத்திரையை நிறுத்திடும்மா"

கல்யாணத்துக்கு அடுத்த கேள்வி குழந்தை. கர்ப்பம் என்றதும் வீட்டில் முதல் அறிவுரை, குழந்தைக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்து என்பதுதான். பெரிய வலிப்பு ஒன்று வந்து தாய் விழுந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அதே நேரம் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. வால்ப்ரோயேட் என்ற மருந்தைக் கர்ப்ப காலத்தில் எடுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். பாதுகாப்பான மாற்று மருந்துகள் உண்டு. ஆனால் அந்த மாற்றத்தைக் கர்ப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே செய்து, ஃபோலிக் அமிலமும் தொடங்கிவிட வேண்டும். கணவர் வீட்டுக்கே தெரியாத நோய்க்கு எப்படித் திட்டமிட்டு மருத்துவரிடம் போவாள்?

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு நடத்திவருகிறது. பெரும்பாலான பெண்கள் நல்ல குழந்தையைப் பெற்றெடுக்கிறார்கள் என்பதுதான் அங்கே தெரிந்தது. தாய்ப்பாலும் கொடுக்கலாம். இரவில் குழந்தைக்காக விழிக்கும் வேலையை மட்டும் கணவரோ பாட்டியோ பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வரும் வலிப்புக்குக் கெட்ட தூக்கமே முக்கியத் தூண்டுதல்.

எதற்குத் தடை, எதற்கு இல்லை

பையனுக்கு வலிப்பு என்று தெரிந்த நாளில் பல வீடுகளில் விளையாட்டு நிற்கும், சுற்றுலா நிற்கும், சில வீடுகளில் பள்ளியே நிற்கும். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் பாய்ந்து பிடித்த பந்துகளைக் கைதட்டி ரசித்த தலைமுறைதான் இப்போது பெற்றோர். அவருக்கு வலிப்பு நோய் உண்டு; அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

உண்மையான ஆபத்து இருக்கும் இடங்கள் சில. தண்ணீரும் நெருப்பும் உயரமும். கிணற்றிலும் குளத்திலும் தனியாகக் குளிப்பது, குளியலறையை உள்தாழ் போடுவது, விறகடுப்பில் தனியாகச் சமைப்பது, தென்னை ஏறுவது. இவற்றுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். வலிப்பு கட்டுப்படாத பெரியவர்களில் சிலருக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணமும் நேர்கிறது. வலிப்பு நோயுள்ள பெரியவர்களை மொத்தமாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் என்ற கணக்கு. கைகால் வெட்டும் பெரிய வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம் என்பதால், "மாசத்துக்கு ஒண்ணுதானே வருது" என்று இருந்துவிடக்கூடாது. இரண்டு மருந்து சரியாக எடுத்தும் நிற்காவிட்டால் அறுவைசிகிச்சைக்கு வாய்ப்பிருக்கிறதா என்று கேட்கலாம். நம்மில் பலர் அந்தக் கேள்விக்கு வந்து சேரவே பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது.

மிச்சமிருப்பது வண்டி. பிரிட்டனில் ஓராண்டு வலிப்பு வராமல் இருந்தால் கார் ஓட்டும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் எத்தனை ஆண்டு வராமல் இருந்தாலும் வலிப்பு வலிப்புதான், உரிமம் கிடையாது. உரிமத்துக்கான படிவம் 1, வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்கிறது. பத்து வருடம் வலிப்பு வராதவரும், போன வாரம் வந்தவரும் ஒரே கட்டத்தில் "இல்லை" என்று டிக் அடிக்கிறார்கள். முதலாமவர் ஓட்டுவதில் பெரிய ஆபத்தில்லை. இரண்டாமவர் ஓட்டவே கூடாது. இருவரையும் பிரித்துப் பார்க்கும் விதி இல்லாததால் இருவரும் பொய் சொல்கிறார்கள். "இப்போ வண்டி ஓட்டாதீங்க" என்று மருத்துவர் சொல்லிவிடுவாரோ என்று போன வார வலிப்பை அவரிடமும் மறைக்கிறார்கள். மருத்துவர் அந்தப் பழைய அளவு மாத்திரையையே தொடர்ந்து எழுதிக்கொடுக்கிறார்.